காய்ச்சலோடு காத்திருப்பு அறைக்குப் போகலாமா?



சென்ற இதழில் சம்பளத் துண்டில் உள்ள கழிவுகளைப் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை எங்கள் வீட்டில் நடந்த ஒரு விடயத்தை எழுதுகிறோம். எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தோம். பிழை எங்களுடையது. ஆனாலும் இதே பிழையை எங்கள் சனங்கள் பலர் தெரியாமல் செய்து வருகிறார்கள் என்பதால் எழுதத் துணிந்தோம்.

ஜேர்மனியில் எதற்கும் ரெர்மின் வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பல்லுக்கு ரெர்மின், கண்ணுக்கு ரெர்மின், பிள்ளையின் ஊசிக்கு ரெர்மின். சில இடங்களில் மூன்று மாதம், நாலு மாதம் காத்திருந்துதான் ஒரு திகதி கிடைக்கும். முதன்முதல் போகும்போது ஒரு கட்டுத் தாள் தருவார்கள். வாசித்து விளங்க நேரமிராது, காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்போம். அந்தத் தாள்களில் ஒன்றில், வரமுடியாவிட்டால் 24 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்கவேண்டும், தவறினால் இவ்வளவு காசு கட்டவேண்டும் என்று ஒரு வசனம் இருக்கும்.

அந்த வசனத்தை நாங்கள் கண்டுபிடித்தது காசு கட்டிய பிறகுதான். எங்கள் மூத்த பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்த காலம். ஓர் இரவு முழுவதும் பிள்ளை சத்தி எடுத்தான். விடிந்ததும் போன் எடுத்து இன்று வரமுடியாது என்று சொன்னோம். ஒரு கிழமையில் 40 யூரோவுக்குப் பில் வந்தது. காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் எடுத்தால், தவறவிட்ட ரெர்மினுக்குத் தாங்கள் காசு கொடுப்பதில்லை என்றார்கள். கையில் வரும் காசுக்கு அது எங்களுக்கு நாலு மணித்தியால வேலை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. எழுந்து நிற்க முடிந்தால் ரெர்மினுக்குப் போகவேண்டும். தடிமன் என்றாலும் சரி, காய்ச்சல் என்றாலும் சரி, ஒரு பரசெற்றமோலைப் போட்டுக்கொண்டு போகவேண்டும். இந்தச் சட்டம்தான் எங்களை மாட்டிவைத்தது.

போன வருடம் மாசி மாதம். இளைய பிள்ளைக்கு மூன்று வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அந்த வயதில் செய்யும் யூ7ஆ என்ற பரிசோதனைக்குக் குழந்தை வைத்தியரிடம் காலை ஒன்பதரைக்கு ரெர்மின். எங்கள் இருவருக்கும் தொழிற்சாலை வேலைதான். ஒருவருக்கு இரவு, மற்றவருக்குப் பகல். பிள்ளைகளைப் பார்ப்பதற்காக அப்படி மாற்றி எடுத்திருக்கிறோம். ஆகவே இரவு வேலை முடித்து வரும் தகப்பன்தான் பிள்ளையைக் கொண்டுபோகவேண்டும். காலை ஆறரைக்கு வந்தவருக்கு உடம்பு கொதித்தது. கழுத்தடியில் இரண்டு மூன்று சிவப்புப் பொட்டு.

"இதென்ன கழுத்திலை?"

"ஒண்டுமில்லை, மெசினடியிலை நிண்டது. வேர்க்குரு."

"மாசிப் பனியிலை வேர்க்குருவோ? போன் எடுத்து மாத்துவமே?"

"எட்டு மணிக்குத்தான் போனைத் தூக்குவினம். நீர் அப்ப வேலையிலை. எனக்கு இந்தப் பாஷையிலை போனிலை கதைக்க வராது. 24 மணித்தியாலமும் போட்டுது. பிறகு இன்னொரு நாப்பது யூரோவே?"

இன்னொரு பயமும் இருந்தது. நாங்கள் இருக்கும் நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் 2008 முதல், பிள்ளைகளின் யூ5 முதல் யூ9 வரையான பரிசோதனைகளுக்கு வந்தவர்களின் விபரத்தை வைத்தியர்கள் ஒரு மத்திய அலுவலகத்துக்கு அறிவிக்கிறார்கள். வராதவர்களுக்கு ஞாபகக் கடிதம் வரும். அதற்குப் பிறகும் போகாவிட்டால் நகரசபைக்கு, அதாவது பிள்ளைகள் நலன் பார்க்கும் ஜூகென்ட்அம்ற்றுக்குத் தகவல் போகும். அந்தப் பெயரைக் கேட்டாலே எங்கள் சனத்துக்கு நெஞ்சு இடிக்கும். ரெர்மினை விட்டால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று ஆரோ எப்போதோ சொன்ன கதை எங்கள் காதிலும் இருந்தது.

ஆகவே தகப்பன் போனார். காத்திருப்பு அறையில் ஐம்பது நிமிடம் இருந்தார். பக்கத்துக் கதிரையில் ஒரு தமிழ்ப் பிள்ளைத்தாய்ச்சி. மூத்த பிள்ளையைக் காட்ட வந்திருந்தார். வெளிநாட்டில் தமிழ் முகத்தைக் கண்டால் விடுவோமா? ஊரிலை எவடம், எப்ப வந்தனீங்கள், எத்தினையாம் மாதம் என்று முகத்துக்கு முகம் பார்த்துக் கதை நடந்தது. நாலாம் மாதம் என்றாராம்.

அடுத்த நாள் முகத்திலும் முதுகிலும் கொப்புளம் போட்டது. எங்கள் குடும்ப வைத்தியருக்குப் போன் எடுத்தபோது, நேரே உள்ளே வரவேண்டாம், எல்லோரும் போனபின் கடைசியாக வாருங்கள் என்றார்கள். வைத்தியர் கண்டவுடன் சொல்லிவிட்டார், கொப்புளிப்பான். பிறகு கேட்டார்: "இந்த இரண்டு நாளும் எங்கே எங்கே போனீர்கள்?"

குழந்தை வைத்தியரிடம் போனதைச் சொன்னோம். அவர் ஒன்றும் ஏசவில்லை. வீட்டுக்குப் போகமுன் அவர்களுக்குப் போன் எடுங்கள், எந்த நேரம் வந்தோம் எந்த நேரம் போனோம் என்று சரியாகச் சொல்லுங்கள் என்றார். அந்தப் போனை எடுக்க எங்களுக்குக் கை வரவில்லை. வெட்கம். அரை மணித்தியாலம் இருந்து யோசித்துத்தான் எடுத்தோம். அந்த நேரத்துக்கு அறையில் இருந்த எல்லோருக்கும் அவர்கள் அறிவித்தார்கள்.

அந்தத் தங்கச்சிக்கு உடனே இரத்தம் சோதித்தார்கள். அவருக்குச் சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்ததில்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று முடிவு வந்தது.

இங்கே ஒரு விடயத்தை எல்லோரும் அறிந்திருக்கவேண்டும். ஜேர்மனியில் வளர்ந்த பெரியவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குச் சின்ன வயதிலேயே கொப்புளிப்பான் வந்து போயிருக்கும். 2004 முதல் இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் அதற்கு ஊசி போடச் சொல்கிறார்கள். எங்கள் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் அப்படியில்லை. அங்கே இந்த வருத்தம் பிந்தித்தான் வரும். வராமலே வளர்ந்து பெரியவர்களானவர்கள் எங்களில் நிறையப்பேர். ஆகவே இங்கத்தைய காத்திருப்பு அறையில் எங்கள் பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம். எங்கள் வீட்டுத் தகப்பனும் அப்படி வராமல் வளர்ந்தவர்தான். தொழிற்சாலையில் ஒருவருக்கு வந்து, இரண்டு கிழமை கழித்து இவருக்கு வந்தது.

கர்ப்பத்தின் முதல் 20 கிழமைக்குள் தாய்க்குக் கொப்புளிப்பான் வந்தால், நூறில் ஒன்று இரண்டு பிள்ளைகளுக்குக் கை கால், கண், மூளை பாதிக்கப்படலாம். பிள்ளை பிறக்கும் நாட்களில் தாய்க்கு வந்தால் பிறந்த சிசுவின் உயிருக்கே ஆபத்து. தாய்க்கும் நெஞ்சில் சளிச்சுரம் வந்து கடுமையாகலாம். அதனால் அந்தத் தங்கச்சிக்கு எதிர்ப்புப் பொருள் உள்ள மருந்தை ஏற்றினார்கள். ஏற்றினாலும் வருத்தம் வராது என்று உறுதியில்லை. 28 நாள் பார்த்திருக்கவேண்டும் என்றார்கள்.

அந்த 28 நாளும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. தகப்பனின் கொப்புளம் காய்ந்து பொருக்கு விழுந்தது. ஆனால் அந்த நாலாம் மாதத்து வயிற்றை நினைக்காத இரவில்லை. அந்தத் தங்கச்சி எங்களைவிடப் பொறுப்பாக நடந்தார். அவருக்கும் கர்ப்பப் பரிசோதனைக்கு ரெர்மின் இருந்தது. அங்கேயிருப்பவர்களும் கர்ப்பிணிகள்தானே. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே போன் எடுத்து, எனக்கு இப்படி ஒரு தொற்றுப் பட்டிருக்கிறது, எப்போது வரலாம் என்று கேட்டு, ஆட்கள் போனபின் கடைசியாகப் போய் வந்தார். நாங்கள் ஒரு தரம் செய்யத் தவறியதை அவர் நாலைந்து தரம் செய்தார்.

கடவுள் புண்ணியம், அவருக்கு வருத்தம் வரவில்லை. ஆடி மாதம் பெண்பிள்ளை பிறந்தது. முப்பத்தொன்று கழிந்தபின் பிள்ளையைப் பார்க்கப் போனோம். போகவும் தயக்கம், போகாமல் விடவும் மனமில்லை. தேத்தண்ணி தந்தார். "அண்ணை, தெரிஞ்சிருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டியள்" என்றார். அவருடைய கணவர் ஒன்றும் பேசவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் ஆமென்று தலையாட்டிவிட்டு வந்தோம். ஆனால் அது முழு உண்மையில்லை. கொப்புளிப்பான் என்று எங்களுக்குத் தெரியாது. காய்ச்சல் என்று தெரியும்.

ஊரில் அம்மாள் வருத்தம் வந்தால் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைக் கண்டால் பிச்சைக்காரரும் படலை திறக்கமாட்டார். வீட்டுக்காரரும் ஒரு வீட்டுக்குப் போகமாட்டார்கள், கோயிலுக்கும் போகமாட்டார்கள். தண்ணி வார்க்கும்வரை அப்படித்தான். அம்மாள் கோபிப்பா என்று சொல்லிச் செய்தாலும், தொற்றைத் தடுக்க அது நல்ல ஏற்பாடு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாங்கள் இங்கே ஐந்தாம் மாடியில் வேப்பிலையையும் மறந்தோம், அதன் கருத்தையும் மறந்தோம்.

கொப்புளிப்பானுக்கு ஜேர்மன் பாஷையில் வின்ட்பொக்கன் என்று பெயர். வின்ட் என்றால் காற்று. தொடாமலே காற்றில் பரவும். பொட்டுப் போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும்வரை தொற்றும். சின்னமுத்து அதிலும் மோசம். வருத்தக்காரர் எழுந்து போய் இரண்டு மணித்தியாலம் வரையும் அந்த அறையின் காற்றில் கிருமி இருக்கும். குக்கலுக்கு மருந்து எடுக்காவிட்டால் மூன்று கிழமை வரை தொற்றும், கைக்குழந்தைகளுக்கு அது உயிராபத்து. சத்தி, வயிற்றோட்டம் என்றால், நின்று இரண்டு நாள் கழியும்வரை மற்றவர்களோடு சேரக்கூடாது. கொறோனாக் காலத்தில் வைத்தியரிடம் போவதென்றால் முகக்கவசம் கட்டாயம். அந்தக் கட்டாயம் 2023 ஏப்ரல் 7ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஆகவே இப்போது எங்கள் பொறுப்பு கூடியிருக்கிறது.

வருத்தம் பரிசோதனைக்குப் போகிறவருக்கா, கூடப் போகிறவருக்கா என்று கிருமி பார்ப்பதில்லை. எங்கள் பிள்ளைக்கு ஊசி போட்டிருந்தது. அவள் சுகமாகத்தான் இருந்தாள். கூடப் போன தகப்பனால்தான் பிரச்சினை.

இனிக் காசுக் கதைக்கு வருவோம். நாங்கள் பின்னர் விசாரித்து அறிந்ததைச் சொல்கிறோம்.

வருத்தமென்றால் காசு கேட்கமுடியாது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. 2022 மே 12ஆம் திகதி ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு தாய் தன் இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் கைவேலைப் பயிற்சிச் சிகிச்சைக்கு 2020 மார்ச்சில் ரெர்மின் எடுத்திருந்தார். ஒரு பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் அறிகுறி வந்ததால் அன்றைய தினமே வரமுடியாது என்று அறிவித்தார். கொறோனா தொடங்கிய நேரம், அவர் செய்தது நல்ல காரியம். என்றாலும் காசு கட்டத்தான் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. வராததற்கு அவரிடம் குற்றம் இருக்கிறதா இல்லையா என்பது இதில் கணக்கில்லையாம். அந்த நேரத்தை அவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள், அது வீணானது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லா இடமும் அப்படியில்லை. பயிற்சிச் சிகிச்சை போன்ற இடங்களில் ஒரு நேரத்தை ஒரே ஆளுக்கென்று ஒதுக்குவார்கள். வேறு சில வைத்தியர்கள் ஒரே நேரத்துக்குப் பலரை வரச்சொல்லி ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிடுவார்கள். அங்கே நாங்கள் போகாவிட்டால் அடுத்தவர் உள்ளே போவார், வைத்தியருக்கு நட்டமில்லை. அப்படியான இடத்தில் காசு கேட்பது கடினம். இந்த விடயத்தில் கீழ் நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று வேறான தீர்ப்புகளும் சொல்லியிருக்கின்றன. பில் வந்தால் பயந்து உடனே கட்டாமல், கையெழுத்து வைத்த தாளை எடுத்துக்கொண்டு பாஷை தெரிந்த ஒருவரிடமோ பாவனையாளர் ஆலோசனை நிலையத்திலோ காட்டிக் கேளுங்கள்.

ஜூகென்ட்அம்ற் பயத்துக்கும் பதில் சொல்லவேண்டும். யூ7ஆ பரிசோதனை 34ஆம் மாதம் முதல் 36ஆம் மாதம் வரை செய்யவேண்டியது. ஆனால் 33ஆம் மாதம் முதல் 38ஆம் மாத முடிவு வரை செய்யலாம் என்று சலுகை இருக்கிறது. பிள்ளையின் மஞ்சள் கொப்பியில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் உரிய காலம் எழுதியிருக்கும். எங்கள் பிள்ளைக்கு அன்று 35 மாதம். இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருந்தது. வருத்தமென்று சொல்லி வேறு திகதி எடுத்தால் ஒருவரும் பிள்ளையைக் கொண்டுபோகமாட்டார்கள். இது தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பயம் வந்திராது.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் மாறிவிட்டது. ரெர்மினுக்கு இரண்டு நாள் முன் மாலையில் வீட்டில் எல்லோரையும் ஒருமுறை பார்க்கிறோம். ஆருக்கும் காய்ச்சல், சத்தி, வயிற்றோட்டம், பொட்டு ஏதும் தொடங்குகிறதா? சந்தேகமென்றால் அடுத்த நாள் காலையே போன். அப்போது 24 மணித்தியாலமும் தப்பும். இரவில் திடீரென்று வந்தால் பதிவு இயந்திரத்தில் சொல்லிவைக்கிறோம். ஈமெயில் இருந்தால் அதிலும் எழுதுகிறோம். எத்தனை மணிக்கு அறிவித்தோம், ஆர் போனை எடுத்தார் என்று கலண்டரில் குறித்துக்கொள்கிறோம். நாளை பில் வந்தால் அது உதவும்.

பாஷைக்கு ஒரு வழி செய்தோம். தமிழ் எழுத்தில் இரண்டு வசனம் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். வேண்டியவர்கள் வெட்டி ஒட்டுங்கள்:

"குட்டன் ராக். இஹ் முஸ் டென் ரெர்மின் பெர்ஷீபன்." (வணக்கம். ரெர்மினை நான் வேறு திகதிக்கு மாற்றவேண்டும்.)

"வீர் ஸின்ட் கிறாங்க் உன்ட் அன்ஸ்ரெக்கென்ட்." (எங்களுக்குத் தொற்றும் வருத்தம் வந்திருக்கிறது.)

அதற்குப் பிறகு பெயர், பிறந்த திகதி, ரெர்மின் நேரம். இவ்வளவும் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே கேட்பார்கள். கொச்சையாகச் சொன்னாலும் ஒருவரும் சிரிக்கவில்லை. அதன்பிறகு இரண்டு தரம் இப்படி அன்றைக்கே மாற்றவேண்டி வந்தது. இரண்டு இடத்திலும் காசு கேட்கவில்லை. ஒரு இடத்தில் வராமல் விட்டதற்கு நன்றி என்றார்கள்.

ஒன்றைப் பிழையாக விளங்கக்கூடாது. வருத்தமென்றால் வைத்தியரிடம் போகவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வழமையான பரிசோதனையைத் தள்ளிப்போடலாம். வருத்தத்துக்கு வைத்தியம் வேண்டுமென்றால் போகத்தான் வேண்டும். முதலில் போன் எடுத்துத் தொற்று வருத்தம் என்று சொன்னால், வேறு நேரமோ வேறு வாசலோ சொல்வார்கள். வைத்தியர் பூட்டியிருக்கும் நேரம் 116117 என்ற இலக்கம். உயிராபத்தென்றால் 112, அதற்கு ஒரு யோசனையும் வேண்டாம். வேலைக்குக் கொடுக்கும் வருத்தத் துண்டுக்காகவும் காத்திருப்பு அறையில் போய் இருமாதீர்கள். 2023 டிசம்பரில் வந்த விதிப்படி, வைத்தியருக்கு எங்களை முன்பே தெரிந்து, கடும் வருத்தமில்லையென்றால், போனிலேயே 5 நாள் வரை எழுதித் தரலாம். முதலில் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை பெற நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கொப்புளிப்பான் வந்ததா என்று அம்மாவைக் கேளுங்கள். தெரியாவிட்டால் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் கர்ப்பமாக முன் இரண்டு ஊசி போடலாம், காப்புறுதி அதற்குக் காசு கொடுக்கும். கர்ப்பமான பிறகு அந்த ஊசி போடமுடியாது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. போன மாதம் கோயிலில் கண்டோம். நடக்கப் பழகி, தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகப்பனார் இம்முறை எங்களோடு இரண்டு வார்த்தை கதைத்தார். எங்களுக்கு அது போதும்.

உங்களுக்கும் இப்படி அநுபவம் இருந்தால் எழுதி அனுப்புங்கள். பெயர் போடாமல் பிரசுரிக்க ஆசிரியரிடம் சொல்கிறோம். அடுத்த இதழில் இரவு வேலைக்காரரின் சாப்பாடு பற்றிப் பார்ப்போம்.

வணக்கம்.